உதிர மறுக்கும் செல்லும் ஒரு மாத்திரையும்
(புன்னக்காயலில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாமிரபரணி கடலோடு கலக்கும் இந்த ஊரில், கல்லீரல் புற்றுநோய்க்கான ஒரு மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மருத்துவர்கள் பேச வேண்டிய பொருள் என்று தோன்றலாம். ஆனால் செல் பாடம் நடத்தும் எவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

"செல் சாவது நல்லதா, கெட்டதா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "தலைப்பிரட்டையின் வால் எங்கே போயிற்று?" என்று திருப்பிக் கேட்டேன். அந்த வாலின் செல்கள் தாமாகவே மடிந்தன. கருவில் நம் விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வும் அப்படித்தான் மறைந்தது. 1972இல் கெர், வில்லி, கரி என்னும் மூவர் இதற்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். உதிர்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அது. அடிபட்டுச் சாகும் செல் வெடித்து அக்கம்பக்கத்தைப் புண்ணாக்கும். தானே உதிரும் செல்லோ சுருங்கி, துண்டுகளாகி, மற்றச் செல்களுக்கு இரையாகிவிடும்.

புற்றுநோய்ச் செல் இப்படி உதிர மறுக்கிறது. செல்லின் மேற்பரப்பிலிருந்து உட்கருவுக்கு 'வளர், பிழைத்திரு' என்னும் கட்டளை ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்கள் வழியே கைமாறிக்கொண்டே இருக்கிறது. வகுப்பில் நான்கு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரு துண்டுச் சீட்டைக் கைமாற்றச் சொல்லுங்கள். இரண்டாவது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டால் சீட்டு நின்றுவிடும். சோராஃபெனிப் என்னும் மருந்து ராஃப் புரதத்திடம் செய்வது இதைத்தான். கட்டிக்குப் புதிய இரத்தக்குழாய்கள் வளரச் சொல்லும் ஏற்பிகளையும் அது தடுக்கிறது.

அத்துடன், செல்லைச் சாகவிடாமல் காக்கும் 'எம்சிஎல்-1' என்னும் புரதமும் குறைகிறது. காவல் தளர்ந்ததும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியேறுகிறது. அது காஸ்பேஸ் நொதிகளை எழுப்புகிறது. அவை செல்லின் புரதங்களை வெட்டத் தொடங்குகின்றன. செல் உதிர்கிறது.

ஆனால் மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. 602 நோயாளிகளிடம் நடந்து, 2008இல் வெளியான ஆய்வில், மருந்தில்லா மாத்திரை பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 7.9 மாதம், சோராஃபெனிப் பெற்றோருக்கு 10.7 மாதம். ஏறக்குறைய மூன்று மாதம் கூடியது. நோய் குணமாகவில்லை. கை, கால் தோல் புண்ணாவது, வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகளும் உண்டு. பின்னர் இதைவிட மேலான சிகிச்சைகளும் வந்துள்ளன.

அந்த மூன்று மாதத்தின் விலை என்ன? நம் நாட்டில் பேயர் நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் 2,80,000 ரூபாய் ஆனது. 2012 மார்ச் 9 அன்று காப்புரிமைத் தலைமை அலுவலர் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் அதுவே. ஒரு மாத மருந்து 8,880 ரூபாய்க்குக் கிடைத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2013இல் இந்த உரிமத்தை உறுதிசெய்து, பேயருக்குத் தர வேண்டிய உரிமத்தொகையை 6 விழுக்காட்டிலிருந்து 7 ஆக்கியது. சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் இது நல்ல பாடம்.

மாத்திரையைவிட மலிவான வழி ஒன்று நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கல்லீரல் புற்றுநோய்க்கு ஹெபடைடிஸ் பி வைரஸ் முக்கியக் காரணங்களுள் ஒன்று. தைவானில் 1984இல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தொடங்கியபின், சிறுவர்களிடையே இப்புற்றுநோய் குறைந்தது. நம் நாட்டில் பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தவணையும், 6, 10, 14ஆம் வாரங்களில் மற்றத் தவணைகளும் இலவசமாகப் போடப்படுகின்றன. மது, பூஞ்சை பிடித்த நிலக்கடலை ஆகியவற்றின் தீங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் தடுப்பூசி அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: பக்கத்தில் உட்கார்வதாலோ, சேர்ந்து சாப்பிடுவதாலோ இந்த வைரஸ் பரவாது. அது தெரியாததால் எந்தப் பிள்ளையும் கடைசி பெஞ்சில் தனியே உட்கார நேரக் கூடாது.