சிறு தாமதமும் ஊரின் குரலும்

(முட்டத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் மீனவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வானொலி நாஞ்சில் நாட்டுக்குப் புதியதன்று. இந்தியாவின் முதலாவது உள்ளூர் வானொலி நிலையம் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் நாகர்கோவிலில்தான் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்பே, 1960களில், தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் நெல்லை ‘ரேடியோ நெல்’ என்று அழைத்தனர். அதன் சாகுபடி முறைகளை வானொலி வாயிலாக அறிந்து பயிரிட்டமையே அப்பெயருக்குக் காரணம். வானொலியால் கிராமத்திற்கு விளையக்கூடிய நன்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அந்நாட்களில் நிலையம் பேசிற்று; ஊர் கேட்டது. இப்பொழுது ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டிலும் தொலைபேசி இருக்கிறது. ஊரும் பேசலாம், அதனை நிலையமும் அயலூர்களும் கேட்கலாம். இதற்கு ஏற்ற சாதனமாக அமைந்திருப்பது சமுதாய வானொலி. 2002இல் கல்வி நிலையங்களுக்கும், 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் இத்தகைய நிலையம் நடத்த மத்திய அரசு வழி திறந்துவிட்டது. சென்னையில் அண்ணா பல்கலைக் கழகத்தின் நிலையம் 2004இல் தொடங்கிற்று. பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ 2016இல் தோன்றிற்று.

நேரடி ஒலிபரப்பின் தேவை

“முன்னரே பதிவு செய்து, திருத்தி, மறுநாள் ஒலிபரப்பினால் போதாதா?” என்று சிலர் வினவுகின்றனர். நெல்லுக்கு உரமிடும் முறையைக் கூறுவதற்கு அது போதும். கடலுக்குப் போதாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இக்கரையை ஒட்டிச் சென்றபோது, முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பவே இல்லை. 2024 மே 6 அன்று, இங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள கணபதிபுரம் லெமூர் கடற்கரையில், கள்ளக்கடலின் பேரலையில் இளம் மருத்துவ மாணவர் ஐவர் உயிரிழந்தனர். காற்றடிக்காமலே அலை எழும்பும் இக்கடலைப் பற்றி, “எங்கள் கரையில் நீர் ஏறுகிறது” என்று ஒருவர் கூறும் சொல் அந்த நிமிடத்திலேயே அடுத்த ஊருக்குச் சென்றாக வேண்டும். மறுநாள் செல்வதால் பயனில்லை.

ஆனால் ஒலிவாங்கியை ஊருக்குத் திறந்து வைப்பதில் ஓர் இடையூறும் உண்டு. கிராம சபையில் ஒருவர் தகாத சொல் பேசினால், தலைவர் அவரை அமர்த்திவிடலாம். நேரடி ஒலிபரப்பிலோ, சொல் வாயைவிட்டு நீங்கிய அக்கணமே வீடுகளை எட்டிவிடுகிறது. ஒருவர் அயலானின் குடும்பத்தை இழித்துரைக்கலாம். சாதி, சமயப் பகைமையைத் தூண்டலாம். அனுமதி பெற்ற நிலையம் யாவும் நிகழ்ச்சி ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டவை. அழைத்தவர் கூறிய சொல்லுக்கும் நிலையமே பொறுப்பு. இவ்வச்சத்தினால்தான் பல நிலையங்கள் ஊராரின் குரலை நேரடியாக விடத் தயங்குகின்றன. அவ்வச்சத்தைப் போக்கவல்லதே ஒலித் தாமதக் கருவி.

கருவி இயங்கும் முறை

நாஞ்சில் நாட்டு உழவருக்கு இதனை விளக்குதல் எளிது. கால்வாய் நீர் முதலில் குளத்தில் தேங்குகிறது. பின்னரே மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. நீரில் தீங்கு கலந்திருப்பது தெரிந்தால் மடையை அடைத்துவிடலாம். அவ்வாறே பேச்சொலியும் இக்கருவியில் 8 விநாடி அளவு தேங்கி, அதன் பின்னரே ஒலிபரப்புக்குச் செல்கிறது. கேட்போருக்கு இத்தாமதம் தெரிவதில்லை. தகாத சொல் வந்தால், நிலையத்தில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். தேங்கியிருந்த 8 விநாடிப் பேச்சும் நீக்கப்பெறுகிறது. அந்நேரத்தில் அறிவிப்பாளர் பேசுவது நேரே ஒலிக்கிறது.

இது நெடுநாளாக உள்ள ஏற்பாடே. 1952இல் அமெரிக்காவில் அலன்டவுன் நகர நிலையம் ஒன்று தொலைபேசி உரையாடல் நிகழ்ச்சிக்கு ஒலிநாடாவைக் கொண்டு இதனைச் செய்தது. நாடா ஓர் இடத்தில் ஒலியைப் பதித்துக்கொண்டு, சற்றுத் தள்ளியுள்ள மற்றோர் இடத்தில் அதனை ஒலிக்கும். விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில் 5 விநாடித் தாமதம் வேண்டுமானால், இடைவெளி ஏறக்குறைய 3 அடி இருக்க வேண்டும். இப்பொழுது நாடாவின் இடத்தை மின்னணு நினைவகம் பெற்றுவிட்டது. தனிக் கருவி வாங்க இயலாத சிறு நிலையம், கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளைக் கொண்டும் இதனைச் செய்துகொள்ளலாம்.

பொத்தானை அழுத்திய பின்னர்த் தேக்கம் வெறுமையாகிவிடுகிறது என்பதை மறத்தலாகாது. ஆகவே அழுத்திய அக்கணமே அழைத்தவரின் இணைப்பையும் துண்டித்தல் வேண்டும். இன்றேல் அவருடைய அடுத்த சொல் நேரே வெளியாகிவிடும். பின்னர்க் கருவியே பேச்சின் இடைவெளிகளைச் சிறிது சிறிதாக நீட்டித் தேக்கத்தை மீண்டும் நிரப்பிக்கொள்ளும். அது நிரம்பும்வரை அடுத்த அழைப்பை ஏற்காதிருத்தல் நலம்.

கையாளும் ஒழுங்கு

பொத்தானைக் காப்பவரும் அறிவிப்பாளரும் வெவ்வேறு நபராக இருத்தல் அவசியம். பேச்சில் ஈடுபட்டிருப்பவர் 8 விநாடிக்குள் கேட்டு, எண்ணி, முடிவு செய்தல் கடினம். அழைப்பவர் தம் வீட்டு வானொலியை நிறுத்திவிட்டே பேச வேண்டும். இல்லையெனில் தமது சொல்லையே 8 விநாடி கழித்துக் கேட்டுத் தடுமாறுவார். அறிவிப்பாளரும் ஒலிபரப்பாகி வரும் ஒலியைக் கேளாமல், நிலையத்தினுள் எழும் ஒலியையே காதுக்குழலில் கேட்டல் வேண்டும். கருவி இயங்கும்பொழுது சொல்லும் மணியும் 8 விநாடி பிந்தியே கேட்கும். ஆகவே மணியறிவிப்பைக் கருவியின் வழியே விடுதல் பொருந்தாது.

இக்கருவியால் ஆகாத செயலும் ஒன்று உண்டு. இது வசைச் சொல்லைத் தடுக்கும், பொய்யைக் கண்டறியாது. காணாமற்போன படகு கரை சேர்ந்துவிட்டது என்று ஒருவர் கூறினால், அது மெய்யா என்று 8 விநாடியில் யார் அறிய இயலும்? அச்செய்தி பொய்யாயின் ஒரு குடும்பம் அடையும் துயரத்தை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. ஆதலின் அழைப்பை முதலில் வேறொருவர் ஏற்று, பெயர், ஊர், பேசும் பொருள் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். உயிர் பற்றிய செய்தியாயின், உரிய அதிகாரிகளிடமோ படகு சேர்ந்ததாகக் கூறப்படும் கரையிலோ விசாரித்தறிந்த பின்னரே ஒலிபரப்புக்கு விடட்டும்.

பொத்தான் யாருடைய கையில்?

ஊராட்சிப் பணியில் ஈடுபட்டிருப்போர் இதனைச் சிறப்பாகக் கருத்திற்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அவதூறைத் தடுக்கும் அதே பொத்தான் முறையீட்டையும் தடுக்கவல்லது. “எங்கள் தெருவில் பத்து நாளாகக் குடிநீர் வரவில்லை” என்று ஒரு தாய் கூறும்போது, அது தலைவருக்குப் பிடிக்காது என்று எண்ணி ஒருவர் பொத்தானை அழுத்துவாராயின், அந்த வானொலி பின்னர் ஊரின் வானொலியாக இராது. கேட்பவர் யாரும் அறியாமலே சொல் மறைந்துவிடுவதால், இத்தவறு வெளியில் தெரிவதுமில்லை. அதுவே இதில் உள்ள பெரும் ஆபத்து.

இதற்கும் பரிகாரம் உண்டு. எவ்வெவற்றுக்குப் பொத்தானை அழுத்தலாம் என்பதை முன்னரே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: ஆபாசச் சொல், தனி மனிதர் மீது பழி, பகைமைத் தூண்டுதல் என நான்கைந்து வரிகள் போதும். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் நாள், நேரம், காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஒலிபரப்பியவற்றின் பதிவை 3 மாதம் காத்தல் சமுதாய வானொலிக்குரிய விதி. நீக்கிய பகுதியையும் அவ்வாறே காத்துவந்தால், ஐயம் எழும்போது கேட்டுத் தெளியலாம். பதிவேட்டை ஆண்டில் ஒரு முறையேனும் ஊரார் முன் வைப்பது சாலச் சிறந்தது.

முறையீட்டுக்கு உரிய மறுமொழி அதனை நீக்குவதன்று; குறையை நீக்குவதே. தண்ணீர் என்று வரும் என்பதை ஊராட்சிப் பணியாளர் அதே நிகழ்ச்சியில் கூறுவாராயின், ஊருக்கு வானொலியிடத்தும் ஊராட்சியிடத்தும் நம்பிக்கை வளரும்.

அன்பர்களே! உங்கள் பகுதியில் சமுதாய வானொலி அமையுமாயின், “ஊராரை நேரடியாகப் பேச விடுவீர்களா?” என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி. அதற்குத் தடையாக அச்சத்தைக் காட்டுவார்களாயின், 8 விநாடித் தாமதம் அவ்வச்சத்துக்குப் போதிய காவல் என்று எடுத்துரையுங்கள். “பொத்தானைக் காப்பவர் யார்? அவர் எழுதும் பதிவேடு எங்கே?” என்பதையும் உடனே கேளுங்கள்.