கதையைச் சொல்வது யார்?

(கோவையில் இளம் எழுத்தாளர்களிடையே ஆற்றிய உரை)



எதைப் பற்றி எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். அதை யார் சொல்வது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால், நியாயம் யார் பக்கம் என்பதை வாசகன் உணர்வது பெரிதும் இந்த இரண்டாவது கேள்வியைப் பொறுத்தே இருக்கிறது.

நமது கொங்கு மண்ணிலிருந்தே உதாரணம் பார்ப்போம். ஆர். சண்முகசுந்தரம் 1942ல் எழுதிய ‘நாகம்மாள்’ நாவலில், கணவனை இழந்த குடியானவப் பெண் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். தகராறு முற்றிக் கொலையில் முடிகிறது. கொழுந்தன் இக்கதையைச் சொல்லியிருந்தால், அவள் குடும்பத்தைக் கெடுத்தவள். அவளே சொல்லியிருந்தால், அவளுடைய குறை மட்டுமே நம் காதில் விழும். ஆசிரியரோ படர்க்கையில் சொல்கிறார். ஆகவே அவளுடைய ஆத்திரத்தையும், அதைத் தூண்டிவிடுபவர்களையும் நாம் ஒருசேரக் காண்கிறோம்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ 2000ல் வந்தது. அதுவும் படர்க்கைதான். ஆனால் இங்கே ஆசிரியர் எல்லோர் மனத்துக்குள்ளும் புகுந்து வரவில்லை. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் கூளையன் என்ற அருந்ததியச் சிறுவனை ஒட்டியே நடக்கிறார். கவுண்டர் வீட்டை நாம் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பட்டியில் நின்று பார்க்கிறோம். நிற்கும் இடம் மாறினால் பார்க்கும் உலகமே மாறிவிடுகிறது.

1992ல் வந்த பாமாவின் ‘கருக்கு’ தன்மையில் பேசுகிறது. பட்டவரே சொல்லும்போது அதற்குச் சாட்சியின் பலம் உண்டு. ஆனால் ‘நான்’ என்பவனுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. மில் வாசலில் நிற்கும் காவல்காரர் ‘நான்’ என்று கதை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே, பூட்டிய அறையில் முதலாளி பேசியதை அவர் வரிக்கு வரி ஒப்பிக்கலாமா? அது அவருக்கு எப்படித் தெரிந்தது? இந்தச் சந்தேகம் ஒருமுறை எழுந்துவிட்டால், அவர் கண்ணால் கண்ட கூலிவெட்டையும் வாசகன் நம்பமாட்டான். உண்மையான குறை பொய்யாகிப் போகும். நஷ்டம் கதைக்கு மட்டுமல்ல, தொழிலாளிக்குந்தான்.

கார்க்கியின் ‘தாய்’ நாவலைப் பாருங்கள். ரகுநாதன் அதைத் தமிழில் தந்தார். போராடுபவன் மகன் பாவெல். ஆனால் கதை பெரும்பாலும் தாய் நீலவ்னாவை ஒட்டியே செல்கிறது. ஏன்? அவள் ஒன்றும் அறியாதவள், அஞ்சியவள். அவள் புரிந்துகொள்ளும் வேகத்திலேயே வாசகனும் புரிந்துகொள்கிறான். எல்லாம் தெரிந்த மகன் சொல்லியிருந்தால் அது பிரசங்கமாகியிருக்கும்.

ஆகவே தோழர்களே, பேனாவை எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இதைக் கண்டவர் யார்? எங்கே நின்று கண்டார்? எது அவருக்குத் தெரிந்திருக்க முடியாது? மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுகிறவனின் கதையை, எதிரிகூட எளிதில் பொய்யென்று தள்ளிவிட முடியாது.