தாழ்ந்த இமையும் தவறவிட்ட பார்வையும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு வருடங்களுக்கு முன், இந்த நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைத் தேடியபோது எங்களது ஐந்தாம் வகுப்புப் படம் கிடைத்தது. முன்வரிசை வாங்கில் ஒரு பிள்ளை மட்டும் தலையைப் பின்னால் சாய்த்து, நாடியை உயர்த்தி, புருவங்களை நெற்றிக்கு ஏற்றி அமர்ந்திருக்கிறாள். அவளது வலது மேலிமை கண்மணியைப் பாதிக்கு மேல் மூடியிருக்கிறது.

அந்நாளில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் 'நித்திராதேவி'. வகுப்பில் தூங்குகிறாள் என்று முகம் கழுவி வர அனுப்பப்பட்டதும் உண்டு. நாடியை உயர்த்தி நடந்ததால் தலைக்கனம் பிடித்தவள் என்றும் சொன்னோம். அவளுக்கு நித்திரையும் இல்லை, தலைக்கனமும் இல்லை. தாழ்ந்த இமைக்குக் கீழால் கரும்பலகையைப் பார்க்க அவள் பட்ட பாடு அது. அவளது சம்மதத்துடனேயே இதை இங்கே சொல்கிறோம்.

மேலிமையை உயர்த்துவதற்கென்றே ஒரு தசை உண்டு. அது கட்குழியின் ஆழத்தில் தொடங்கி, முன்னால் வந்து, மெல்லிய நாணாக விரிந்து இமையைப் பற்றிக்கொள்கிறது. நேரே பார்க்கும்போது மேலிமை கருவிழியின் மேல் விளிம்பை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவே மறைக்கும். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அந்தத் தசை சரியாக வளர்ச்சியடைவதில்லை. இமை தாழ்ந்தே இருக்கும்.

இது வெறும் அழகுப் பிரச்சினை என்று நினைப்பதுதான் முதற் பிழை. பார்வை என்பது மூளை சிறுவயதில் பழகிக்கொள்ளும் ஒன்று. இமை கண்மணியை மறைத்தால், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகாமலே விட்டுவிடும். இதனையே சோம்பற் கண் என்கிறோம். கண்மணி முழுதாக மறையாவிட்டாலும், அந்தக் கண்ணின் வளைவு சீரற்றிருந்து பார்வை மங்கலாம். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பெருமளவு மீட்கலாம். அதன்பின் மீட்பது கடினம்.

சிகிச்சையைத் தீர்மானிக்க எங்களுக்கு வேண்டிய முக்கிய கருவி ஒரு சாதாரண அடிமட்டம். புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்கச் சொல்லிப் பின் மேலே பார்க்கச் சொல்வோம். வழக்கமாக இமை சுமார் 15 மில்லிமீற்றர் அசையும். ஓரளவு அசைவு இருந்தால் அந்தத் தசையின் ஒரு பகுதியை வெட்டிச் சுருக்கிக் கட்டுவோம். 4 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் குறைவென்றால், தொடையிலிருந்து எடுக்கும் இழையப் பட்டியாலோ சிலிக்கன் இழையாலோ இமையைப் புருவத்துத் தசையுடன் தொடுத்துவிடுவோம். பிறகு புருவத்தை உயர்த்தினால் இமையும் உயரும். அந்தப் படத்துப் பிள்ளை யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்த வழியும் இதுதான்.

கண்மணி மறைந்திருந்தால் கைக்குழந்தையாக இருக்கும்போதே செய்யவேண்டி வரலாம். மறையாவிட்டால் மூன்று முதல் ஐந்து வயது வரை கண்காணித்துப் பொறுத்திருக்கலாம். ஆனால் இமையை உயர்த்தியதோடு வேலை முடிவதில்லை. கண்ணாடி அணியவும், நல்ல கண்ணை நாளுக்குச் சில மணிநேரம் மூடிவைக்கவும் வேண்டியிருக்கும். சத்திரசிகிச்சையின் பின் பிள்ளை சற்றுக் கண் திறந்தபடி தூங்கும். அதைக் கண்டு அம்மம்மாமார் பயப்படத் தேவையில்லை. இரவில் களிம்பு இட்டு விழிவெண்படலம் உலராமல் காத்தால் போதும்.

மூத்த அக்காமாருக்கும் சில வார்த்தைகள். வயதாகும்போது அந்த நாண் இமையிலிருந்து மெல்ல நழுவும். வாசிக்கும்போது இமை பாரமாகி, நெற்றியும் நோகும். இதற்கு விறைப்பூசி மட்டும் போட்டுச் சத்திரசிகிச்சை செய்யலாம். இடையிலே எழுப்பி இருத்தி, நேரே பார்க்கச் சொல்லி, இரு இமைகளின் உயரத்தையும் சரிபார்த்து முடிச்சிடுவோம். இரண்டும் அச்சொட்டாக ஒத்துவரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. சிலருக்கு மீண்டும் திருத்தவேண்டி வரும். குருதியை ஐதாக்கும் மருந்து எடுப்பவர்கள் முற்கூட்டியே சொல்லவேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது. சிகிச்சையின் பின் கடும் வலியுடன் பார்வை மங்கினால் உடனே திரும்பி வரவேண்டும்.

கீழிமையின் தொல்லை வேறு. அது உள்நோக்கிச் சுருண்டால் கண்மயிர் விழியில் உரசிப் புண்ணாக்கும். சத்திரசிகிச்சை வரை கன்னத்தில் பிளாஸ்ரர் ஒட்டி இமையை கீழே இழுத்து வைப்பது தற்காலிக உதவி. வெளிநோக்கிப் பிரிந்து தொங்கினால் கண்ணீர் உரிய துவாரத்தில் இறங்காமல் கன்னத்தில் வழியும். கைக்குட்டையால் கீழ்நோக்கித் துடைக்கத் துடைக்க இமை இன்னும் தொய்யும். மேல்நோக்கி, மூக்குப் பக்கமாக ஒற்றி எடுங்கள். இவ்விரண்டுக்கும் தளர்ந்த இமையை வெளி ஓரத்தில் இழுத்து இறுக்கித் தைக்கும் சத்திரசிகிச்சை பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஒன்றை மட்டும் தாமதிக்க வேண்டாம். திடீரென ஓர் இமை விழுந்து, தலையிடியோ இரட்டைப் பார்வையோ சேர்ந்திருந்தால், அல்லது அந்தக் கண்மணி பெருத்திருந்தால், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மூளையின் குருதிக்குழாய் ஒன்று புடைத்து நரம்பை அழுத்துவதன் அறிகுறியாக அது இருக்கலாம். காலையில் நன்றாக இருந்து மாலையில் தாழும் இமையையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அது தசைகளைச் சோர்வடையச் செய்யும் ஒரு நோயாக இருக்கலாம். அதற்கு முதலில் மருந்துதான் வேண்டும்.

இனி எங்கள் தோழியின் கதை. படத்தைப் பார்த்தபின் தேடிப் பிடித்துக் கதைத்தோம். சென்ற வருடம் அவள் கிளினிக்கிற்கு வந்தாள். இமையின் அசைவு 6 மில்லிமீற்றர். தசையைச் சுருக்கிக் கட்டினோம். கட்டு அவிழ்த்த அன்று கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"வடிவாத்தான் திறந்திருக்கு. ஆனா உங்கட முகம் ஒண்டும் தெரியேல்லை. சின்னனிலேயே ஆராவது ஒராள் கேட்டிருக்கலாம்" என்றாள்.

எங்களிடம் பதில் இருக்கவில்லை. பெயர் வைக்கத் தெரிந்த எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இன்று வீடு திரும்பியதும் உங்கள் பேரப்பிள்ளைகளின் படங்களை எடுத்துப் பாருங்கள். ஓர் இமை தாழ்ந்திருந்தால், நாடி எப்போதும் உயர்ந்திருந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், கண் கிளினிக்கிற்குக் கொண்டுபோங்கள். சங்கத்திடமும் கேட்கிறோம்: இந்த வருடம் முதல், முதலாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் கண்களையும் ஒரு தடவை பரிசோதிக்க ஏற்பாடு செய்வோம். அந்த வேலைக்கு எங்கள் வகுப்பு வைத்தியர்கள் வருகிறோம். எங்கள் தோழியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகளை வரிசையில் விடுவது தன் பொறுப்பாம்.