இல்லத்து இணையமும் இரயில் பாதையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. நாமோ இன்று அடுப்படிக்கும் படிப்பறைக்கும் உரிய ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். வீட்டிற்கு வரும் இணையத்தைக் கூடுதல் கட்டணம் கட்டாமலே விரைந்து ஓடச் செய்வது எவ்வாறு என்பதே அது. நாம் பொறியியல் பயின்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். ஆயினும், வண்டி ஏன் தாமதித்தது என்று எழுதி எழுதிக் கை தேய்ந்தவர்களுக்குச் செய்தி ஏன் தாமதிக்கிறது என்பதும் ஓரளவு விளங்கும் அன்றோ?

செய்திப் போக்குவரத்தில் இந்நகரம் என்றும் முன்னணியில் நின்றது. 1851-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்திக் கம்பி இயங்கிற்று. 1995 ஜூலை 31-ஆம் நாள், ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார்; நாட்டின் முதல் கைப்பேசி உரையாடல் அதுவே. அடுத்த பதினைந்தாம் நாள், ஆகஸ்ட் 15 அன்று, பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டபோது அதைப் பெற்ற முதல் நகரங்களுள் கல்கத்தாவும் ஒன்று. 2004-இல் நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர். 2013-இல் அந்த அளவு 512 கிலோபிட் ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட் ஆயிற்று. இன்றோ 100 மெகாபிட் இணைப்பு நம் காலனி வீடுகளில் சர்வ சாதாரணம்.

அப்படியிருந்தும் குறை தீரவில்லை. நம் காலனியில் ஓர் அன்பர் நாள்தோறும் இரவு எட்டு மணிக்குக் கும்பகோணத்திலுள்ள தம் அன்னையாருடன் முகம் பார்த்துப் பேசுவார். அம்மையாருக்கு வயது எண்பதுக்கு மேல், காதும் மந்தம். படம் உறைந்து, பாதிச் சொற்கள் விழுங்கப்படும்போது, மகன் ஏதோ மறைக்கிறான் என்றே அத்தாய் உள்ளம் எண்ணிற்று. அன்பர் மாதக் கட்டணத்தை இரட்டிப்பாக்க முடிவு செய்தார். அதற்கு முன் அளந்து பார்க்கலாமே என்றோம்.

அளப்பதே முதற் படி. ரௌட்டர் பெட்டியிலிருந்து கம்பி வழியே கணினியை இணைத்து, காலையில் ஒரு முறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறையும் வேகத்தை அளக்க வேண்டும். கம்பியிலேயே வேகம் குறைந்தால், முதலில் கம்பியை மாற்றிப் பார்த்து, பிறகு நிறுவனத்தைக் கேட்கலாம். கம்பியில் முழு வேகமும் வந்து, அறையில் மட்டும் குறைந்தால் குற்றம் நம் வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. எத்தனை பணம் கட்டினாலும் அது தீராது. பிட் என்பதும் பைட் என்பதும் வேறு என்பதையும் மறவாதீர். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட் இறங்கினால் அதுவே முழு வேகம். எட்டில் ஒரு பங்குதான் தருகிறார்கள் என்று சண்டையிட வேண்டியதில்லை.

அன்பர் வீட்டில் கம்பியில் 95 மெகாபிட் வந்தது, உள்ளறையிலோ 8. ரௌட்டர் எங்கே இருந்தது தெரியுமா? முன்னறை மூலையில், இரும்பு பீரோவின் பின்னால்! வானொலி அலைக்கு இரும்பு ஒரு மதில். நம் பழைய குடியிருப்புகளின் கனத்த செங்கற் சுவரோ ஒரு கோட்டை. பெட்டியை நடைக்கூடத்தில் ஆள் உயரத்தில் வைத்ததும் உள்ளறையில் 60 மெகாபிட் கிடைத்தது.

அலைவரிசையையும் கவனிக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை நெடுந்தூரம் செல்லும். ஆனால் அக்கம் பக்கத்து வீடுகளின் பெட்டிகள் எல்லாம் அதிலேயே நெரிகின்றன. அதில் 1, 6, 11 என்னும் மூன்று தடங்களே ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. அம்மூன்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்துகொள்க. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் மிக்கது. சுவரைக் கடப்பதில் வலிமை குன்றியது. பெட்டி உள்ள அறைக்கு 5, தூரத்து அறைக்கு 2.4 என்று கொள்வது நலம்.

இதன் பின்னும் அன்பரின் பேச்சு சில இரவுகளில் திக்கிற்று. இங்கேதான் வேகத்திற்கும் தாமதத்திற்கும் உள்ள வேற்றுமை வருகிறது. காலை ஒன்பது மணிக்கு ஹௌரா பாலத்தை நினைத்துப் பாருங்கள். சாலை எவ்வளவு அகலமாயினும், முன்னே லாரிகள் வரிசை பிடித்து நின்றால் மருத்துவ வண்டியும் நின்றேயாக வேண்டும். அன்பரின் மகன் கைப்பேசியிலுள்ள படங்கள் எல்லாம் அதே எட்டு மணிக்குத்தான் சேமிப்புக் கிடங்கிற்கு மேலேறிக்கொண்டிருந்தன. பெட்டியின் நினைவகத்தில் அவை நீண்ட வரிசையாக நிற்க, தந்தையின் குரல் கடைசியில் நின்றது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. படச் சேமிப்பை நள்ளிரவுக்கு மாற்றிவிடலாம். அல்லது, வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி ரௌட்டரில் இருந்தால், அதில் வேக வரம்பை அளந்த வேகத்தில் 90 விழுக்காடாகக் குறித்துவிடலாம். பத்து விழுக்காடு வேகத்தை விட்டுக்கொடுத்தால் பேச்சு தெளிவாகும். அன்பர் முதல் வழியைக் கையாண்டார். கட்டணம் ஏறவில்லை, அம்மையாரின் ஐயமும் தீர்ந்தது.

இனி, கைக்குக் கை மாறி வரும் சில பழைய வைத்தியங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். விண்டோஸ் கணினியின் உள்ளே சென்று சில எண்களை மாற்றினால் வேகம் பெருகும் என்பார்கள். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. பெறுகின்ற நிலையம் "இத்தனை வண்டிக்கு இடம் உண்டு" என்று முன்கூட்டிச் சொல்ல, அத்தனையே அனுப்பி மறுமொழிக்குக் காத்திருப்பது இணையத்தின் முறை. அந்த இடத்தின் பழைய உச்ச அளவு 65,535 பைட். தூர தேசத்துக்குச் சென்று மறுமொழி திரும்ப நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும் எனில், பாதை எத்துணை அகன்றதாயினும், ஓர் இணைப்பில் நொடிக்கு 2.6 மெகாபிட்டுக்கு மேல் ஓடாது. இக்குறையைப் போக்கும் விதி 1992-லேயே வகுக்கப்பட்டது. 2007-இல் விண்டோஸ் விஸ்டா வந்தது முதல் கணினி தானே அவ்விடத்தைப் பெருக்கிச் சுருக்கிக்கொள்கிறது. ஆகவே இன்று அவ்வெண்களைத் தொடுவது, ஓடும் வண்டியின் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பது போன்றதே.

விண்டோஸ் 20 விழுக்காடு வேகத்தைத் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறது என்பதும் வதந்தியே. அந்த ஒதுக்கீட்டை வேண்டும் செயலி எதுவும் ஓடாதபோது முழுப் பாதையும் பிறருக்கே உரியது. டி.என்.எஸ். முகவரியை மாற்றினால், பெயரைக் கண்டுபிடிக்கும் நேரம் சற்றுக் குறையலாம். பக்கம் திறக்கத் தொடங்குவது விரைவாகும். படம் இறங்கும் வேகம் கூடாது. பொட்டலத்தின் அளவு சாதாரண கம்பியில் 1,500 பைட். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.இ. முறையில் எட்டுப் பைட் மேலுறைக்குப் போக 1,492. ரௌட்டர் அதைத் தானே அறியும். சில தளங்கள் மட்டும் திறவாமல் அடம்பிடித்தாலன்றி அதில் கைவைக்க வேண்டா.

கம்பியையும் புறக்கணியாதீர். உள்ளே எட்டு இழைகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஓர் இணை அறுந்தாலும், 1,000 மெகாபிட் ஓட வேண்டிய கம்பி 100-க்கு இறங்கிவிடலாம். நூறு ரூபாய்க் கம்பியின் குற்றத்திற்கு ஆயிர ரூபாய்க் கட்டணம் கட்டுவானேன்? பெட்டியோடு வந்த கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிடுங்கள். நம் பாதையில் பிறர் வண்டி ஓடினால் வேகம் மட்டுமன்றிப் பாதுகாப்பும் போகும். எதை மாற்றினாலும் பழைய எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ஒரு முறைக்கு ஒன்றே மாற்றி, மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் பலன் எதனால் வந்தது என்பது விளங்காது.

சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் காலனியில் ஓய்வுபெற்ற தம்பதியர் பலர் தனித்து வாழ்கின்றனர். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு அந்தச் சிறு கண்ணாடித் திரையே வாசல், அதுவே திண்ணை. மருத்துவரின் ஆலோசனையும் இப்போது அவ்வழியே வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவர் இருவராக வீடு வீடாகச் சென்று, அளந்து, பெட்டியை இடம் மாற்றி வைத்துவிட்டு வாருங்கள். அரை மணி நேர வேலை. பொருட்செலவு சிறிதும் இல்லை. பிழைப்பை நாடி ஊரைவிட்டு ஆயிரம் மைல் வந்த நமக்கு, ஊரின் குரல் தடையின்றிக் கேட்பதைவிட வேறு என்ன வேண்டும்?