எத்தனை பேர்னு எண்ணினால் போதுமா?



போர் ஓய்ந்த ஊரில் குடும்பங்களுக்கு முதல் தேவை கொடுக்கும் கையா, கேட்கும் காதா? இதுதான் தலைப்பு. "பசிச்சவனுக்குச் சோறு போடுவீங்களா, படிவத்தை நீட்டுவீங்களா?"ன்னு எதிரணி நண்பர் கேட்டாரு. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன்யா! (சிரிப்பு)

முதல் நாள் யாரையும் கேட்கவேண்டாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 2,100 கலோரி உணவுன்னு உலகமே அளவு வகுத்து வச்சிருக்கு. கொடுங்க. அதுக்கப்புறம்?

இலங்கையில் 2009 மே மாதம் போர் முடிந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முகாம்களில் அடைபட்டாங்க. மெனிக்பாம் முகாம் மூடியது 2012 செப்டம்பரில். ஊர் திரும்பினா வீடு இல்லை.

சில வருஷம் கழிச்சு, 65,000 இரும்பு வீடுன்னு ஒரு திட்டம் வந்தது. அந்த வெயிலில் இரும்பு வீடு! மீன் பொரிக்க அடுப்பே வேண்டாம்யா! (சிரிப்பு, கைதட்டல்) "ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வந்ததே"ன்னாங்க. வீடு இல்லாதவன்கிட்ட "வீடு வேணுமா?"ன்னா வேண்டாம்பானா? "எந்த வீடு வேணும்?"னு கேட்டிருக்கணும். "கல்வீடுதான் வேணும்"னு எதிர்ப்பு கிளம்பியது, திட்டம் நின்னுபோச்சு.

இந்திய அரசின் திட்டம் வேற மாதிரி. இலங்கைப் பணத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய், தவணை தவணையா. "உன் வீட்டை நீயே கட்டு"ன்னாங்க. நல்ல திட்டம், ஆயிரமாயிரம் வீடு எழுந்தது. ஆனா அதிலும் பல குடும்பம் கடன்பட்டது. ஏன்? ஆம்பளைங்க இருக்கிற வீட்டில் அவங்களே மண் சுமப்பாங்க, கல் சுமப்பாங்க. போரில் புருஷனை இழந்தவ எல்லாத்துக்கும் கூலி கொடுக்கணுமே! தொகை மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. வீட்டுக்குள்ள யார் இருக்காங்கன்னு கேட்காத கணக்கய்யா அது! (கைதட்டல்)

நிறைவாக ஒன்று. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் சாலையோரம் போராட்டத்தில் உட்கார்ந்தாங்க. அரிசி கேட்கலை, பருப்பு கேட்கலை. "என் பிள்ளை எங்கே?"ன்னு கேட்டாங்க. நிவாரணப் படிவத்தில் 'குடும்பத்தில் எத்தனை பேர்?'னு ஒரு கட்டம் இருக்கும். காணாமற்போன மகனைச் சேர்த்து எழுதுவாளா, விட்டுட்டு எழுதுவாளா அந்தத் தாய்?

அந்தக் கட்டத்தை எந்த மூட்டையாலும் நிரப்ப முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கணும். ஆகவே முதல் தேவை கேட்கும் காதே என்று தீர்ப்பு வழங்குங்கள். (பலத்த கைதட்டல்)