சுபேதாரின் இடம்



இந்திய ராணுவத்தில் ஒரு சிப்பாய்க்கு முதல் பதவி உயர்வு கிடைத்ததும் சட்டைக் கையில் ஒரு பட்டை ஏறும். அவர் இனி லான்ஸ் நாயக். இரண்டு பட்டை என்றால் நாயக், மூன்று என்றால் ஹவில்தார். சுமார் பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனை நடத்துபவர் பெரும்பாலும் ஹவில்தார்தான். அதற்கு மேல் பதவிச் சின்னம் தோளுக்கு ஏறும்: நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். இந்த மூவரையும் ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர், சுருக்கமாக ஜே.சி.ஓ. என்பார்கள். ஏறக்குறைய எல்லாருமே சிப்பாயாகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து மேலே வந்தவர்கள்.

அதிகாரிப் பயிற்சி முடித்து நேராக வரும் லெப்டினன்டுக்கு இருபத்துச் சொச்சம் வயது. அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சுபேதாருக்கு நாற்பது இருக்கும். பதவியில் மூத்தவர் அந்த இளைஞர்தான். சுபேதார் அவருக்கு சல்யூட் அடிப்பார். ஆனால் இளைஞரும் சுபேதாரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், 'சாஹிப்' என்பார். எந்த ஜவானுக்கு வீட்டில் கஷ்டம், யார் மலையேற்றத்தில் தளராதவர் என்பதெல்லாம் சுபேதாருக்குத்தான் தெரியும்.

இந்த அமைப்பின் பலம் 1987-இல் சியாச்சினில் தெரிந்தது. சுமார் 21,000 அடி உயரத்தில் பாகிஸ்தான் வசமிருந்த காவல்முனையை நோக்கி மே மாதம் சென்ற செகண்ட் லெப்டினன்ட் ராஜீவ் பாண்டேயும் உடன்சென்ற வீரர்கள் பலரும் உயிர்நீத்தார்கள். அடுத்த மாதத் தாக்குதலுக்குப் பொறுப்பேற்றவர் மேஜர் வரிந்தர் சிங். ஜூன் 26 அன்று, ஒரு சில வீரர்களோடு செங்குத்தான பனிச்சுவரில் ஏறி அந்தக் காவல்முனையைக் கைப்பற்றியவர் நாயப் சுபேதார் பானா சிங். அவருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. அந்த முனைக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது. திட்டமிட்டது ஒருவர், முன்னின்று முடித்தது இன்னொருவர்.

இப்படிக் கட்டளை மேலிருந்து கீழே வரும் அமைப்பில், 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டப்படி மேலதிகாரியின் கட்டளையை மீறுவது குற்றம். ஆனால் அது சட்டத்துக்கு உட்பட்ட கட்டளையாக இருக்க வேண்டும். அதிகாரத்துக்கும் எல்லை உண்டு.

ராணுவத்துக்கு வெளியேயும் இதே அமைப்புதான். நம் மருத்துவமனைகளில் தலைமைச் செவிலியர், ஆலைகளில் போர்மேன், அலுவலகங்களில் கண்காணிப்பாளர் எல்லாரும் சுபேதார் இடத்தில் இருப்பவர்கள். மேலே வருகிற உத்தரவைக் கீழே நடக்கிற வேலையாக்குபவர்கள் அவர்களே. ஆகவே, பொறுப்பில் இருக்கும் நேயர்களே, அடுத்த உத்தரவில் கையெழுத்திடும் முன் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு வார்த்தை கேளுங்கள்.