கரன்ட் பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு பேசுவோம்



நெட் ஜீரோ கட்டடம் என்றதும் மொட்டைமாடியில் சோலார் பேனல் மாட்டுவது என்றே பலரும் நினைக்கிறோம். ஓராண்டில் மின்வாரியத்திடம் வாங்கிய யூனிட்டும் திருப்பிக் கொடுத்த யூனிட்டும் நேராக வேண்டும், கணக்கு அவ்வளவுதான். 2014-இல் டெல்லியில் திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவன் 930 கிலோவாட் பேனலோடு இந்தக் கணக்கை இலக்காக வைத்துக் கட்டப்பட்டது. ஆனால் அங்கே பேனலுக்கு முன்பே நடுவில் முற்றம் விட்டு, பகல் வெளிச்சத்தை உள்ளே வரவிட்டு, மின்தேவையைக் குறைத்துவிட்டார்கள். முற்றம் நம் பாட்டன் வீட்டில் இருந்ததுதான்.

நம் பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றுக்குள் மத்தியானம் மூன்று மணிக்கு நுழைந்து பாருங்கள். மேற்குப் பார்த்த ஜன்னலை அடைத்துக்கொண்டு இரும்பு பீரோ நிற்கும். பட்டப்பகலில் டியூப்லைட் எரியும். மேலே ஃபேன் சுற்றிச் சூட்டுக் காற்றை இறக்கும். அதிகாரியின் அறையில் மட்டும் ஏசி. இந்தக் கட்டடத்துக்கு 10 கிலோவாட் பேனல் போட்டால் நாளுக்குச் சுமார் 40 யூனிட் கிடைக்கும். நாலைந்து ஏசி சேர்ந்தால் அதை அப்படியே குடித்துவிடும். பிழை பேனலில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது.

நம் எடப்பாடியில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் விழும். ஆகவே முதல் எதிரி மேல்தளம். அடுத்து மேற்குச் சுவர். கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீளமாகப் போட்டு, ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்து, மேற்கே மாடிப்படியையும் கழிப்பறையையும் ஒதுக்கி, மேல்தளத்தில் வெள்ளை ஓடு பதித்தாலே பாதி வேலை முடிந்தது. செங்கல்லுக்கும் தூரம் போக வேண்டாம். மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்யும் கல்லுக்குச் சூளை நெருப்பே தேவையில்லை.

இப்படிக் கட்டுவதைச் சட்டம் கட்டாயமாக்காதா என்று கேட்பீர்கள். மத்திய அரசின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதி, 100 கிலோவாட் இணைப்புச் சுமைக்கு மேற்பட்ட கட்டடங்களைத்தான் தொடும். அங்கன்வாடி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் வலைக்குள் சிக்காத சின்ன மீன்கள். எனவே நகராட்சியும் பேரூராட்சிகளும் தங்கள் எஸ்டிமேட்டிலும் டெண்டரிலும் இதைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும். அஸ்திவாரம் தோண்டிய பிறகு வரும் ஆலோசனைக்கு மதிப்பில்லை.

வழிகாட்ட வெளிநாடு வேண்டாம். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006-இல் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. சேமிப்பைப் போட்டு, மீதிக்கு வங்கியில் கடன் வாங்கினார்கள். ஊருக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். எனக்குப் பிடித்தது காற்றாலை அல்ல. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் எவ்வளவு போகிறது என்று முதலில் பில்லைப் பார்த்தார்களே, அது. கட்டடத்தை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு, தண்ணீர் ஏற்றும் மோட்டாரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் அது ஏமாற்று வேலை.

பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தறிப்பஞ்சும் புழுதியும் படியும் ஊர் இது. பேனலைத் துடைப்பது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் பெயர் போட்டு எழுதாவிட்டால், இரண்டு வருடத்தில் அது காக்கை உட்காரும் பலகை.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம். மீட்டர் அதை எந்தத் தேதியில் தாண்டுகிறது என்று ஒவ்வொரு தறிக்காரருக்கும் மனப்பாடம். அந்தக் கவனம் பொதுக் கட்டடத்து மீட்டரின் மேல் யாருக்கும் இல்லை. அதனால் இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாள் அமர்வுகளுக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒரே வேண்டுகோள்: கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரும் இந்த வட்டாரத்துப் பொதுக் கட்டடம் ஒன்றின் மூன்று வருட மின்கட்டணப் பட்டியலை மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். இத்துடன் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.